பார்ட்டிஷன் காணாமல் போனால், ஃபைல் அழிந்துபோனால்: டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் கொண்டு மீட்கும் வழி

டிஸ்கைச் செருகியவுடன் "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கிறதா, கேன்சல் கொடுங்கள். "டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவா" என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஷிஃப்ட் டெலிட் கொடுத்து ஃபைலை அழித்துவிட்டீர்கள் என்றால் அந்த டிரைவில் இனி எதையும் சேமிக்காதீர்கள், மீட்பு மென்பொருளைக்கூட அதில் இறக்காதீர்கள். இவ்வளவையும் செய்துவிட்டு மீதியை நிதானமாகப் படிக்கலாம். தொலைந்த டேட்டா பல நேரம் தொலைந்த நொடியில் போய்விடுவதில்லை, அதற்கடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தில் நாம் செய்கிற வேலைகளால்தான் போகிறது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. படிப்பது பாதுகாப்பானது, எழுதுவது ஆபத்தானது. டிஸ்கை எத்தனை முறை வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் அதன் மேல் ஒரு பைட் எழுதுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் ஃபைல்களை வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

உள்ளே என்னதான் நடந்தது?

ஒரு டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதிகள்தான் பார்ட்டிஷன்கள், அவற்றின் எல்லைகளைப் பதிந்து வைக்கும் பட்டியல் பார்ட்டிஷன் டேபிள். பழைய எம்பிஆர் முறையில் டிஸ்கின் முதல் செக்டார், அதாவது மிகச் சிறிய சேமிப்பு அலகு, 512 பைட். அதில் 446 பைட் கணினியைத் தொடங்கி வைக்கும் பூட் கோடு, அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்த 64 பைட்டுக்குள் தலா 16 பைட் கொண்ட நான்கு பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றும் "இந்தப் பார்ட்டிஷன் இங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம், இன்ன வகை" என்று சொல்லும். இந்த 64 பைட் கெட்டுப்போனால் 1 டிபி டிஸ்க் முழுதும் காலியாகத் தெரியும். எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டால் நிலம் எங்கும் போய்விடுவதில்லை, அது மாதிரிதான். ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் அதன் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, தன் அளவையும் வகையையும் தனியாக எழுதி வைத்திருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் அதைத் தேடிப் பிடித்து டேபிளைத் திரும்பக் கட்டுகிறது.

புதிய ஜிபிடி முறையில் நிலைமை இன்னும் நல்லது, டேபிளின் இன்னொரு பிரதி டிஸ்கின் கடைசியில் இருக்கும். முன்பக்கம் மட்டும் சேதமானால் பின்பக்கப் பிரதியிலிருந்தே சரிசெய்துவிடலாம்.

ஃபைலை அழிக்கும்போது நடப்பது ஃபைல் சிஸ்டத்துக்கு ஏற்ப மாறும், எது கிடைக்கும் எது கிடைக்காது என்பதே இதைப் பொறுத்ததுதான். விண்டோஸில் வழக்கமான என்டிஎஃப்எஸ்ஸில் எம்எஃப்டி என்ற பட்டியலில் அந்த ஃபைலின் பதிவு "பயன்பாட்டில் இல்லை" என்று குறிக்கப்படும். பெயர், அளவு, டேட்டா இருக்கும் இடம் எல்லாம் அந்தப் பதிவை இன்னொரு ஃபைல் எடுத்துக்கொள்ளும் வரை அப்படியே கிடக்கும், அதனால் மீட்பு நன்றாக நடக்கும். பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கும் ஃபேட் வகையில் பெயரின் முதல் பைட் மாற்றப்படும், துண்டுகளைக் கோக்கிற சங்கிலியும் அழியும். தொடர்ச்சியாக ஒரே இடத்தில் எழுதப்பட்ட ஃபைல் முழுசாக வரும், துண்டு துண்டாகச் சிதறிய ஃபைல் பாதி குப்பையோடு வரும். லினக்ஸின் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 இரண்டும் கொஞ்சம் கடுமையானவை. அழிக்கும்போதே ஃபைலின் விவரப் பதிவான ஐநோடிலிருந்து டேட்டாவின் இருப்பிடத்தையும் துடைத்துவிடும், ஆகவே அங்கே வேறு வழி பார்க்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே நம்பிக்கை வைக்கக்கூடாது?

இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது, இரவெல்லாம் ஸ்கேன் ஓடவிட்டுப் பிறகு தெரிந்துகொள்வது கொடுமை. எஸ்எஸ்டியில் ஃபைலை அழித்தால் இயங்குதளம் டிரிம் என்ற கட்டளையை அனுப்பி "இந்த இடங்கள் இனி தேவையில்லை" என்று சொல்லிவிடும். விண்டோஸ் 7 முதலே இது உண்டு, லினக்ஸில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை மொத்தமாக ஓடும். டிரிம் ஓடிய இடத்தைப் படித்தால் பொதுவாகப் பூஜ்ஜியம்தான் வரும், எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. லினக்ஸில் வாரக் கணக்கில்தான் ஓடுகிறது என்பதால் உடனே கணினியை அணைத்தால் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் டேபிள் மட்டும் கெட்டிருந்தால் கதை வேறு, யாரும் டிரிம் அனுப்பவில்லை என்றால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், தைரியமாக முயலலாம்.

விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் குயிக் ஃபார்மட் அல்லாத முழு ஃபார்மட் டிஸ்க் முழுதும் பூஜ்ஜியம் எழுதும். அது முடியும் வரை ஓடியிருந்தால் தேடுவதில் பயனில்லை. பிட்லாக்கர், லக்ஸ் போன்றவற்றால் பூட்டப்பட்ட பார்ட்டிஷன் என்றால் முதலில் சாவி கொடுத்துத் திறந்து, திறந்த நிலையில் தெரியும் டிரைவின் மேல்தான் மீட்பு வேலை நடக்க வேண்டும். மூடியிருக்கும்போது உள்ளே இருப்பது எந்த மென்பொருளுக்கும் வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். கைபேசியின் உள்சேமிப்பைக் கேபிள் போட்டு இணைத்தால் கணினிக்கு அது டிஸ்காகத் தெரிவதில்லை, அதனால் இந்தக் கருவிகள் அதைப் பார்க்கவே பார்க்காது. கைபேசியில் போட்ட மெமரி கார்டு என்றால் வெளியே எடுத்து கார்டு ரீடரில் செருகலாம், கைபேசி அதைத் தன் உள்சேமிப்போடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தால் மட்டும் முடியாது.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறதா, சுழன்று சுழன்று நிற்கிறதா, மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். உள்ளே உறுப்பு உடைந்திருக்கும்போது ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேல் கீறல் விழலாம். உள்ளே இருப்பது விலைமதிக்க முடியாதது என்றால் டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பலரைக் குழப்பும் விஷயம். வெளிப்புற டிஸ்கின் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் டிஸ்கை நேராகக் கணினியில் மாட்டியதும் பார்ட்டிஷன் காணோம் என்கிறவர்கள் நிறைய. சில பெட்டிகளின் மின்பலகை 512 பைட் செக்டாரை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும், சில பெட்டிகள் டேட்டாவைத் தாமே பூட்டியும் வைக்கும். எதுவும் தொலையவில்லை, அதே பெட்டிக்குள் திரும்ப வைத்துப் பாருங்கள். எதையும் சரிசெய்ய முயலாமல் முதலில் இதைச் செய்யுங்கள்.

குப்பைத்தொட்டியையும் ஒருமுறை பாருங்கள். லினக்ஸில் பென்டிரைவிலிருந்து அழித்தால் அந்தப் பென்டிரைவிலேயே புள்ளியில் தொடங்கும் ட்ராஷ் ஃபோல்டர் ஒன்று மறைந்து உட்கார்ந்திருக்கும், அழித்த எல்லாம் அதற்குள் இருக்கலாம்.

கருவிகள்

மூன்று போதும். டெஸ்ட்டிஸ்க் பார்ட்டிஷனை மீட்கும், ஃபைல் சிஸ்டம் நல்ல நிலையில் இருந்தால் அழித்த ஃபைல்களையும் பெயரோடு தரும். அதனோடு சேர்ந்தே வருகிற போட்டோரெக், பெயரில் போட்டோ இருந்தாலும் ஆவணம், வீடியோ, ஜிப் என்று 480க்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்களைத் தெரிந்து வைத்திருக்கிறது. இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே, இரண்டும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் இலவச மென்பொருள்கள். எவ்வளவு மீட்டாலும் காசு கேட்காது. "உங்கள் ஃபைல்கள் கிடைத்துவிட்டன, சேமிக்கப் பணம் கட்டுங்கள்" என்று நிற்கும் மென்பொருள்களிடம் போவதற்கு முன்னால் இவற்றை முயலுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது, குனு டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்கைப் பிரதியெடுக்க.

லினக்ஸில் டெஸ்ட்டிஸ்க் என்ற ஒரே பொதியை நிறுவினால் போட்டோரெக்கும் வந்துவிடும். டிடிரெஸ்க்யூவுக்கு டெபியன், உபுண்டு இரண்டிலும் பொதியின் பெயர் முன்னால் ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். விண்டோஸில் டெஸ்ட்டிஸ்கை நிறுவ வேண்டியதே இல்லை. ஜிப்பை இறக்கி, தொலைந்த டிஸ்க் அல்லாத வேறு இடத்தில் பிரித்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் போதும்.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவிலேயே ஃபைலைத் தொலைத்திருந்தால் அந்த விண்டோஸை ஓடவிடுவதே எழுதுவதற்குச் சமம். பிரௌசர் திறந்தால் எழுதும், சும்மா இருந்தாலும் எழுதும். கணினியை அணைத்துவிட்டு, வேறொரு கணினியில் உபுண்டு அல்லது சிஸ்டம்ரெஸ்க்யூவைப் பென்டிரைவில் தயாரித்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூவில் இந்தக் கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. உபுண்டுவில் "நிறுவு" பக்கம் கையை வைக்காமல் "முயன்று பார்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எது எந்த டிஸ்க்?

டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்தால் எல்லா டிஸ்குகளும் அளவோடு வரிசையாக வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்கின் பெயர்கள், எஸ்டிபி1, எஸ்டிபி2 என்று எண்ணோடு வருபவை அதன் பார்ட்டிஷன்கள். டிஸ்கைச் செருகும் முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை அடித்துப் பாருங்கள், புதிதாக வந்தது எது என்று சந்தேகமில்லாமல் தெரியும். இந்தப் பெயர்கள் நிலையானவை இல்லை, கணினியை அணைத்துப் போட்டால் நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசியாக வரலாம், ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டளை. அந்த டிஸ்கின் பார்ட்டிஷன் ஏதாவது தானாக மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது பயன்பாட்டுக்குத் திறந்திருந்தால், அன்மவுன்ட் செய்துவிடுங்கள்.

பிறகு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் மைனஸ் ஏ (smartctl -a) கொடுத்து டிஸ்கின் உடல்நலத்தைப் பாருங்கள். 5 ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், 197 படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. 197க்கு நேரே பூஜ்ஜியத்தைவிடப் பெரிய எண் இருந்தால் டிஸ்க் இறந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முதலில் இமேஜ் எடுங்கள். பூஜ்ஜியமாக இருந்தாலும் இடம் இருந்தால் எடுங்கள் என்றுதான் சொல்வேன், ஒரு பிரதி கையில் இருக்கும்போது மனம் பதறாது.

இமேஜ் எடுப்பது

இமேஜ் என்பது டிஸ்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே ஒரு ஃபைலாக எடுப்பது. 500 ஜிபி டிஸ்க் என்றால் உள்ளே 20 ஜிபிதான் இருந்தது என்றாலும் 500 ஜிபி இடம் வேண்டும். சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

கட்டளையின் வரிசை இது: டிடிரெஸ்க்யூ (ddrescue), ஓர் இடைவெளி, மைனஸ் என் (-n), பழுதான டிஸ்கின் பெயர், இமேஜ் ஃபைலின் பெயர், கடைசியாக மேப் ஃபைலின் பெயர். எங்கிருந்து என்பது முதலில், எங்கே என்பது பிறகு. இதை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கும், நல்லவேளையாக டிடிரெஸ்க்யூ ஒரு டிஸ்கின் மேல் எழுதச் சொன்னால் மைனஸ் எஃப் இல்லாமல் மறுத்துவிடும். நீங்கள் ஃபைலுக்குத்தான் எழுதுகிறீர்கள், ஆகவே அது மைனஸ் எஃப் கேட்டால் எங்கோ தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிட்டுத் திரும்பப் படியுங்கள்.

மேப் ஃபைல்தான் இதன் உயிர். எந்த இடம் படித்தாயிற்று, எந்த இடம் தகராறு என்பதெல்லாம் அதில் பதிவாகும். நடுவில் கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்தலாம், மின்சாரம் போகலாம், அதே கட்டளையை அதே மேப் ஃபைலோடு கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மைனஸ் என் கொடுத்த முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதை எல்லாம் அள்ளிவிட்டு, தகராறு செய்யும் இடங்களை நோண்டாமல் விட்டுவிடும். சாகும் டிஸ்கில் இதுதான் சரியான வரிசை, முரண்டு பிடிக்கும் ஒரு செக்டாருக்காக மல்லுக்கட்டி மொத்த டிஸ்கையும் இழக்கக்கூடாது. முதல் சுற்று முடிந்த பிறகு மைனஸ் என்னை எடுத்துவிட்டு மைனஸ் டி (-d), மைனஸ் ஆர்3 (-r3) இரண்டையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், கெட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலும்.

இமேஜ் கிடைத்த பிறகு டிஸ்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டுக்கும் டிஸ்கின் பெயருக்குப் பதிலாக இமேஜ் ஃபைலின் பெயரைக் கட்டளையில் கொடுத்தால் அதையே டிஸ்காக எடுத்துக்கொள்ளும்.

டெஸ்ட்டிஸ்கில் பார்ட்டிஷனை மீட்பது

வேறு டிஸ்கில் உள்ள ஒரு ஃபோல்டருக்குள் போய், நிர்வாகி அனுமதி தரும் சூடோ (sudo) போட்டு டெஸ்ட்டிஸ்க் (testdisk) என்று கொடுங்கள். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில்தான் அது லாக் ஃபைலை எழுதும், அதனால்தான் வேறு டிஸ்க் என்கிறேன். எல்லாமே அம்புக்குறியும் என்டரும்தான், மவுஸ் கிடையாது. முதல் திரையில் கிரியேட் கொடுங்கள். லாக் பின்னால் யாரிடமாவது உதவி கேட்க வேண்டி வந்தால் காட்டத் தேவைப்படும்.

அடுத்து டிஸ்குகளின் பட்டியல். இங்கே காட்டும் அளவும் டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். 1 டிபி டிஸ்க் 32 எம்பி என்று காட்டினால் பிரச்சினை பார்ட்டிஷனில் இல்லை, டிஸ்கின் மின்பலகையிலோ இணைப்பிலோ இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ப்ரொசீட் கொடுத்ததும் பார்ட்டிஷன் டேபிளின் வகை கேட்கும். எம்பிஆருக்கு இன்டெல் என்றும், ஜிபிடிக்கு இஎஃப்ஐ ஜிபிடி என்றும் பெயர் இருக்கும். இன்டெல் என்பது இங்கே ப்ராசஸர் நிறுவனத்தைக் குறிக்கவில்லை, உங்கள் கணினியில் ஏஎம்டி இருந்தாலும் எம்பிஆர் டிஸ்குக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். கீழே ஒரு வரியில் டெஸ்ட்டிஸ்க் தானே கண்டுபிடித்ததைக் குறிப்பாகச் சொல்லும், அது பெரும்பாலும் சரியாக இருக்கும். டேபிள் முழுதாக அழிந்துபோயிருந்தால் மட்டும் அதை நம்ப வேண்டாம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றாலோ, விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிறகு நிறுவி வந்த கணினியின் முதன்மை டிஸ்க் என்றாலோ ஜிபிடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பார்ட்டிஷன்தான் இருந்தது என்பதால், டேபிளே இல்லை என்று பொருள்படும் நன் (None) கொடுத்துவிடாதீர்கள், புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு பார்ட்டிஷன் இருந்தாலும் அதற்கு டேபிள் இருந்திருக்கும்.

அடுத்து அனலைஸ். இப்போது டிஸ்கில் இருக்கும் டேபிளை, கெட்டிருந்தால் கெட்டபடியே, காட்டும். கீழே குயிக் சர்ச் இருக்கும், என்டர் கொடுங்கள். சில நொடிகளிலேயே தொலைந்த பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்துவிடலாம்.

இப்போது அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு வரியின் மேலும் நின்று பி (P) எழுத்தை அழுத்துங்கள், அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் ஃபைல்கள் திரையில் வரும். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தால் அதுதான் நீங்கள் தேடியது, சந்தேகமே வேண்டாம். க்யூ அழுத்தினால் பழைய திரைக்கு வரும். பத்து வருடத்துக்கு முன்னால் அதே டிஸ்கில் இருந்து அழிக்கப்பட்ட பார்ட்டிஷன்கூட இந்தப் பட்டியலில் தலைகாட்டும், பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், உள்ளே திறந்து பாருங்கள்.

ஃபைல்கள் தெரிகிற அந்தத் திரையிலேயே நகலும் எடுக்கலாம், இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன விதி வேலைக்கு வருகிறது. பார்ட்டிஷன் டேபிளை எழுதும் முன்னாலேயே முக்கியமானவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். சிறிய ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், முக்காற்புள்ளி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும், பெரிய சி தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் நகலெடுக்கும், சின்ன சி அம்புக்குறி நிற்கும் ஒன்றை மட்டும். எங்கே சேமிக்க என்று கேட்கும் திரையில் இரட்டைப் புள்ளியின் மேல் என்டர் கொடுத்து மேலே ஏறி, வேறு டிஸ்கின் ஃபோல்டருக்குப் போய், அங்கே நின்று பெரிய சி கொடுத்தால் நகல் தொடங்கும். இங்கேயே உங்களுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டால் டிஸ்கைச் சரிசெய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம், ஃபார்மட் செய்து புதிதாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பலருக்கு இந்த வழியே போதும்.

பார்ட்டிஷனே திரும்ப வேண்டும் என்றால் தொடருங்கள். இடது வலது அம்புக்குறியால் ஒவ்வொரு வரியின் நிலையையும் மாற்றலாம். நட்சத்திரக் குறி என்றால் பூட் ஆகும் பிரைமரி, பி (P) என்றால் சாதா பிரைமரி, எல் (L) என்றால் லாஜிக்கல், டி (D) என்றால் அழிந்தது, அதாவது டேபிளில் சேர்க்க வேண்டாம். வேண்டியவற்றைப் பி அல்லது எல் ஆக்குங்கள், பழைய பேய்களை டி ஆகவே விடுங்கள். மேலே ஸ்ட்ரக்சர் ஓகே என்று வர வேண்டும். ஸ்ட்ரக்சர் பேட் என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பார்ட்டிஷன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, இரண்டில் ஒன்று பொய். ஃபைல்களைத் திறந்து பார்த்து எது உண்மை என்று கண்டுபிடித்து மற்றதை டி ஆக்குங்கள்.

தேடியது வரவில்லையா, என்டர் கொடுத்து அடுத்த திரையில் டீப்பர் சர்ச் போங்கள். இது நேரம் எடுக்கும், பெரிய டிஸ்கில் மணிக்கணக்கில் ஓடும். ஃபேட்32, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களின் முதல் செக்டாரான பூட் செக்டாரின் மாற்றுப் பிரதியையும், எக்ஸ்ட் வகைகளில் அதே வேலையைச் செய்யும் சூப்பர்பிளாக்கின் மாற்றுப் பிரதியையும்கூடத் துழாவிப் பார்க்கும். இதில் பொய்ப் பார்ட்டிஷன்கள் அதிகம் வரும், பி எழுத்தால் சோதிப்பது இன்னும் முக்கியம்.

எல்லாம் சரி என்று உறுதியானபின் ரைட், அதை உறுதிப்படுத்த ஒய். அதற்கப்புறம் கணினியை அணைத்துப் போட வேண்டும், அதுவரை இயங்குதளம் பழைய டேபிளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பார்ட்டிஷன் டேபிள் சரியாகவே இருந்து, டிரைவும் தெரிந்து, திறக்கப் போனால் மட்டும் ஃபார்மட் கேட்கிறது என்றால் பழுது பூட் செக்டாரில் இருக்கலாம். அதற்கு அனலைஸ் இருக்கும் மெனுவில் அட்வான்ஸ்டு போய், பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பூட் கொடுங்கள். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாரின் பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும், ஃபேட்32 ஆறாவது செக்டாரில் வைத்திருக்கும். முதலாவது கெட்டு, பிரதி ஓகே என்று காட்டினால் பேக்கப் பிஎஸ் என்பது பிரதியை முதலாவதன் மேல் எழுதும். இதுவும் எழுதும் வேலைதான், இமேஜ் இல்லாமல் தொடாதீர்கள்.

அழித்த ஃபைலை மட்டும் எடுப்பது

பார்ட்டிஷன் நலமாக இருக்கிறது, சில ஃபைல்கள் மட்டும் போயின என்றால் அதே அட்வான்ஸ்டு மெனுவில் பார்ட்டிஷனின் மேல் நின்று அன்டெலிட் கொடுங்கள். ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்2 இவற்றுக்கு இது உண்டு. அழிந்த ஃபைல்கள் சிவப்பில் வரும். தேர்ந்தெடுப்பதும் நகலெடுப்பதும் மேலே சொன்ன அதே எழுத்துகள்தான். பெயரும் தேதியும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் போட்டோரெக்குக்குப் போகும் முன் இதைக் கண்டிப்பாக முயலுங்கள்.

விண்டோஸை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் ஃபைல் ரெகவரியும் இருக்கிறது, விண்டோஸ் 10 இன் 2004 பதிப்பு முதல் ஓடும், கட்டளையின் பெயர் வின்எஃப்ஆர் (winfr). அழித்தது எந்த டிரைவோ அதுவும் சேமிக்கும் டிரைவும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதை அது கட்டாயமாகவே வைத்திருக்கிறது.

எக்ஸ்ட்4 பயனர்களுக்கு: அழித்த ஃபைலை ஏதாவது நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா பாருங்கள். எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பிளஸ் எல்1 (lsof +L1) கொடுத்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும். அங்கே இருந்தால் ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த நிரலின் ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் உள்ள எண்ணிலிருந்து சாதாரணமாக நகலெடுத்துவிடலாம், முழு ஃபைலும் வரும். நிரலை மட்டும் மூடிவிடாதீர்கள். லாக் ஃபைல், ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ, டேட்டாபேஸ் இவற்றை இப்படி மீட்கலாம். அது இல்லையென்றால் பார்ட்டிஷனை உடனே அன்மவுன்ட் செய்து, ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலில் மிஞ்சியிருக்கும் பழைய ஐநோடு பிரதிகளைக் கொண்டு மீட்கும் எக்ஸ்ட்4மேஜிக்கை முயலலாம். ஜர்னல் சுற்றிச் சுற்றி எழுதப்படுவதால் எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கடைசி ஆயுதம் போட்டோரெக்

ஃபைல் சிஸ்டமே சிதைந்துவிட்டது, ஃபார்மட் ஆகிவிட்டது, டெஸ்ட்டிஸ்கில் எதுவும் தெரியவில்லை என்னும்போது போட்டோரெக். இது ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கும், ஜேபெக் படம் என்றால் ஹெக்ஸில் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், அதைத் தேடிப் பிடித்து அங்கிருந்து ஃபைலைச் செதுக்கி எடுக்கும். இதனால் பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. துண்டுகளாகச் சிதறிய ஃபைல்களும் பல நேரம் வராது. கேமரா கார்டில் படங்கள் பொதுவாகத் தொடர்ச்சியாகவே எழுதப்படுவதால் அங்கே இது அருமையாக வேலை செய்யும், பெரிய வீடியோ ஃபைல்களில் ஏமாற்றம் வரலாம்.

சூடோ போட்டு போட்டோரெக் கொடுத்து, டிஸ்கைத் தேர்ந்தெடுத்ததும் பார்ட்டிஷன்களோடு ஹோல் டிஸ்க் என்ற வரியும் வரும். பார்ட்டிஷன் எதுவும் தெரியவில்லை என்றால் அதுதான் உங்களுக்கு. கீழே ஃபைல் ஆப்ட் போய் எஸ் அழுத்தினால் எல்லா வகைகளின் தேர்வும் நீங்கும், பிறகு உங்களுக்கு வேண்டிய ஜேபிஜி, பிடிஎஃப், டாக் போன்றவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். எல்லாவற்றையும் விட்டால் பிரௌசர் சேமித்த குட்டிப் படங்களும் சிஸ்டம் ஃபைல்களும் பல்லாயிரக்கணக்கில் வந்து குவியும், அதில் உங்கள் படத்தைத் தேடுவது தனி வேலையாகிவிடும். புதிய வேர்ட், எக்செல் ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப் என்பதால் அவை ஜிப் என்ற வகையின் கீழ் இருக்கும், டாக் மட்டும் கொடுத்தால் பழைய வகைதான் வரும்.

சர்ச் கொடுத்ததும் ஃபைல் சிஸ்டம் கேட்கும், எக்ஸ்ட் வகை என்றால் முதலாவது, மற்ற எல்லாவற்றுக்கும் அதர். பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஃப்ரீ அல்லது ஹோல் என்று இன்னொரு கேள்வி. அழித்த ஃபைல் மட்டும் வேண்டும் என்றால் ஃப்ரீ, ஃபைல் சிஸ்டம் கெட்டிருந்தால் ஹோல். பிறகு சேமிக்கும் இடம், வேறு டிஸ்கில், அங்கே பெரிய சி. நடுவில் நிறுத்தினாலும் அடுத்த முறை அதே ஃபோல்டரிலிருந்து தொடங்கினால் தொடரவா என்று கேட்கும்.

கிடைப்பவை ரெகப் டிர் என்ற பெயரும் எண்ணும் கொண்ட ஃபோல்டர்களில் வந்து விழும், ஒவ்வொன்றிலும் சுமார் 500 ஃபைல்கள். பெயர்கள் எஃப் எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக இருக்கும். டி (t) எழுத்தில் தொடங்கும் ஜேபிஜிகள் படத்துக்குள் பதிந்திருந்த சிறு மாதிரிகள், முழுப் படம் கிடைத்திருந்தால் அவற்றை நீக்கிவிடலாம். முழுப் படம் உடைந்து சின்னது மட்டும் நன்றாக வந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுமில்லாததற்கு அது மேல். படங்களை எடுத்த தேதி அவற்றுக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக இருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற கட்டளைவரி நிரலால் அந்தத் தேதியை வைத்தே மொத்தமாகப் பெயர் மாற்றி வருடவாரியாகப் பிரித்துவிடலாம்.

மீண்டு வந்த ஃபைல்கள் இருக்கின்றன என்பதால் அவை முழுமையாக இருக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். அளவு சரியாகக் காட்டும், திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். ஜிப் என்றால் சோதிக்கும் கட்டளை கொடுத்துப் பாருங்கள். அதெல்லாம் முடியும் வரை பழைய டிஸ்கை ஃபார்மட் செய்யாதீர்கள், இமேஜையும் அழிக்காதீர்கள், ஒரு வாரம் கழித்து "அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் இல்லையே" என்று நினைவு வந்தால் மறுபடி ஸ்கேன் செய்ய அதுதான் இருக்கும்.

டிஸ்க் நலமாக இருக்கும் இன்னொரு கணினி உங்களிடம் இருந்தால் அதில் இப்போதே எஸ்எஃப்டிஸ்க் கட்டளையில் மைனஸ் டி (sfdisk -d) கொடுத்து வரும் வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். பார்ட்டிஷன்களின் தொடக்கமும் நீளமும் வகையும் சில வரி எழுத்தாக அதில் இருக்கும், டேபிள் அழிந்தால் அதே ஃபைலை எஸ்எஃப்டிஸ்குக்கு உள்ளீடாகக் கொடுத்தால் ஸ்கேன் எதுவும் இல்லாமல் டேபிள் திரும்பிவிடும்.